தண்ணி கட்டும் சாமம்

அப்பா காலமான பிறகு அம்மாவை நியூ ஜெர்சிக்கு அழைத்து வந்தோம். இரவு எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாள். ஒரு மணி, ஒன்றரைக்கு எழுந்து சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். மூன்றரைக்கு மேல் மறுபடி படுத்து ஏழு மணி வரை தூங்குவாள். ஜெட் லேக் என்று ஒரு மாதம் பொறுத்தோம். பிறகு, துக்கத்தால் வந்த தூக்கக் கோளாறு என்று நானும் மனைவியும் முடிவு கட்டினோம். மருத்துவரிடம் கூட்டிப்போய், அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் நானே சொல்லி, மாத்திரையும் கேட்டு வாங்கினேன். மூன்றாம் வாரம் ஒரு காலையில் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அதற்கப்புறம்தான் தூக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் முன்னாலேயே படித்திருக்கலாம்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ரோஜர் ஈகர்ச், 2001-இல் ஒரு கட்டுரையும் 2005-இல் ஒரு புத்தகமும் எழுதினார். பழைய ஐரோப்பாவின் நாட்குறிப்புகள், நீதிமன்ற வாக்குமூலங்கள், வைத்திய நூல்கள் ஆகியவற்றில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். யாரும் அவற்றை விளக்கிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சங்கதியை எதற்கு விளக்குவது? இருட்டியதும் படுப்பார்கள், நடு இரவில் எழுந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விழித்திருப்பார்கள். பிரார்த்தனை செய்வார்கள், அடுப்பைக் கவனிப்பார்கள், கண்ட கனவை யோசிப்பார்கள், கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு மறுபடி தூக்கம். 1990-களின் தொடக்கத்தில் தாமஸ் வேர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சிலரை ஒரு மாதம் தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தார். நாலாம் வாரத்துக்குள் அவர்களுடைய தூக்கமும் இரண்டாகப் பிளந்துகொண்டது.

இந்த வழக்கத்தை ஒழித்ததில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு என்கிறார் ஈகர்ச். பாரிஸ் நகரம் 1667-இல் தெருவிளக்கு ஏற்றத் தொடங்கியது. பிறகு எரிவாயு விளக்கு, பிறகு மின்விளக்கு. கடைசிக் கட்டம் நடந்தது என் வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஓக் ட்ரீ ரோட்டில் தோசை சாப்பிடப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் மென்லோ பார்க் கோபுரத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 1879 டிசம்பர் 31 அன்று எடிசன் தன் மின்விளக்குகளைப் பொதுமக்களுக்கு எரியவிட்டுக் காட்டியது அங்கேதான். அந்த வட்டாரத்துக்கு 1954-இல்தான் எடிசன் என்று பெயர் மாற்றினார்கள். தூக்கத்தை நேர விரயம் என்று கருதியவர் அவர். தனக்கு நாலைந்து மணி நேரம் போதும் என்பார். ஆனால் வெஸ்ட் ஆரஞ்சில் அவருடைய நூலகத்துக்குப் போனால், பகலில் கண்ணயர அங்கே போட்டிருந்த கட்டிலை இன்றும் பார்க்கலாம்.

அம்மாவுக்கு வந்திருப்பது ஐரோப்பியர்களின் 'முதல் தூக்கம்' என்று நினைத்து எனக்கு ஒரே உற்சாகம். அது நீடிக்கவில்லை. டிசம்பரில் லண்டனின் இரவு 16 மணி நேரம். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊரிலோ, மிக நீண்ட இரவே பன்னிரண்டரை மணி நேரம்தான். ஹட்சா, சான், சிமானே என்ற மூன்று பழங்குடிச் சமூகங்களில் மின்சாரமே இல்லாமல் வாழ்பவர்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் தூங்குவது சராசரியாக ஆறேழு மணி நேரம், பெரும்பாலும் ஒரே மூச்சில். வெப்ப மண்டலத்துக்காரர்களுக்கு ஈகர்ச்சின் சட்டை பொருந்தாது போலிருக்கிறது.

ஆனாலும் நம் முன்னோர் இரவை ஒரே துண்டாகப் பார்க்கவில்லை. தொல்காப்பியம் யாமத்தையும் வைகறையையும் தனித்தனிப் பொழுதாக வைக்கிறது. மதுரைக்காஞ்சி மதுரையின் இரவைச் சாமம் சாமமாகக் காட்டுகிறது: கடை அடைப்பவர்கள், உறங்குபவர்கள், கள்வர்கள், அவர்களைத் தேடும் ஊர்க்காவலர்கள். என் சிறுவயதில் சாமக்கோடாங்கி வந்து குறி சொன்னதும் நடுநிசியில்தான். அந்த நேரத்தில் கேட்க யாராவது விழித்திருந்திருக்க வேண்டுமே!

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது அவளிடம்தான்.

"அது தண்ணி கட்டற நேரம் கண்ணு. அந்நேரத்துக்குத்தான நமக்கு கரண்டு வுடுவான். உங்கப்பா மோட்டாரு போடுவாரு, நான் டார்ச்சு புடிச்சிட்டு வெங்காயக் காட்டு வரப்புல நிப்பேன். பாத்தி நெறையற வரைக்கும் பேசிட்டிருப்போம். பகல்ல எங்க பேசறது? வூடு பூராச் சனம்."

விவசாயப் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரத்தை முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் பகுதிக்கு இரவு முறை அடிக்கடி வரும். பாம்பு மிதித்துச் செத்தவர்கள் உண்டு. மேற்கே மின்சாரம் வந்து இரண்டாம் தூக்கத்தைக் கலைத்தது. எங்கள் காட்டில் அதே மின்சாரம் நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டு, இரண்டாம் தூக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. முப்பது வருஷம் அப்பாவோடு பேசிய நேரத்தைத்தான் நான் மாத்திரை கொடுத்து அடக்கப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டோம். சமையலறையில் ஒரு சின்ன விளக்கும், அவளுடைய கைப்பேசிக்கு ஒரு சார்ஜரும் வைத்திருக்கிறேன். இங்கே இரவு ஒன்றரை என்றால் குளிர்காலத்தில் அங்கே மதியம் பன்னிரண்டு. காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மாமாவை அழைப்பாள். சில நாள் நானும் எழுந்து காப்பி போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவேன். நேற்று, "ராத்திரி எத்தன மணிக்குங்க கரண்டு வந்துது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.