மலைநாட்டு வண்டியும் பட்டறைக் கைகளும்



சரித்திரம் என்றவுடன் அரசரின் முடியும், தளபதியின் வாளும், தேசாதிபதியின் கையொப்பமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பழைய மோட்டார் வண்டியொன்றின் அடிச்சட்டத்திலும் சரித்திரம் உண்டு என எண்ணுவோர் சிலரே. நமது தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த 'லாண்ட் ரோவர்' வண்டியையும், அதனை உழைக்கவைத்த மனிதரையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குச் செல்லும் வழி இலகுவாயிற்று. எனினும், நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும், தொழிற்சாலையிலிருந்து உச்சி மலைக்கும் செல்லும் வழி பழைய கரத்தை றோட்டாகவே இருந்தது. பறித்த கொழுந்து காத்திராது. உருட்டும் இயந்திரம் நின்றுவிட்டால், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பொறுத்திருத்தல் இயலாது. ஆகவே பழுதுபார்க்கும் தொழில் மலையிலேயே வேரூன்ற வேண்டியதாயிற்று. பின்னாளிற் பெரிய நிறுவனமாக வளர்ந்த பிரவுண் கம்பனி, 1875இல் அட்டனிலே தோன்றியது இக்காரணம் பற்றியே. தோட்டத் தொழிற்சாலைகளிலும் பட்டறைகள் அமைந்தன. துரைமாரின் மோட்டார் வண்டி வருமுன்னரே, அதனைப் பழுதுபார்க்கவல்ல கைகள் அங்கே பழகியிருந்தன.

இனி, வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளரான மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சீத் தீவிலுள்ள தமது பண்ணையில், இராணுவம் கழித்த பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு ஈடான வேறு வண்டி இல்லை என்பதே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. எனவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர். 1948 ஏப்ரல் 30ஆந் தேதி அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் காட்சியில் இவ்வண்டி உலகுக்கு அறிமுகமாயிற்று. தட்டுப்பாட்டிலே பிறந்த பிள்ளை அது. தட்டுப்பாடுள்ள நாடுகளில் அது நிலைத்ததில் வியப்பில்லை.

அதன் அமைப்பே பழுதுபார்ப்போனுக்குத் துணை நிற்பது. தட்டையான தகடுகளைத் திருகாணி கழற்றித் தனித்தனியே எடுக்கலாம். மின்கலம் ஓய்ந்தாலும், முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். மஞ்சட் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழுள்ள நெம்புகோலைப் பின்னிழுத்தால் வேகம் குறைந்து வலிமை பெருகும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினே வண்டியைத் தாங்கிக்கொள்ளும். பின் அச்சின் அரைத்தண்டு முறிதல் இதன் பெயர்பெற்ற குறை. அவ்வாறு முறிந்தால், அத்தண்டை உருவிவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையால் வீடு சேரலாம்.

ஆயினும் மலைநாட்டு மழையும் மூடுபனியும் இரக்கமற்றவை. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, அதன் கீழுள்ள உருக்குச் சட்டமோ, உள்ளே புகுந்த சேற்றினால் உள்ளிருந்தே அரிபடும். அனுபவசாலி சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பான். கணீரென்னாது மந்தமாக ஒலிக்குமிடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டுவான். உருக்கும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொடுமிடத்தில் அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். ஆதலால் இடையே ரப்பர் வைப்பான். கியர்ப்பெட்டி எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் புகுந்ததென அறிந்து உடனே மாற்றுவான். வைத்தியன் நாடி பிடிப்பது போன்ற அறிவு இது.

இவ்வறிவுக்குப் பெருஞ்சோதனை 1960களில் வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, உள்ள வண்டியை ஓட்டுவதே வழி. தேய்ந்த உறுப்பைக் கடைசல் இயந்திரத்திற் கடைந்தெடுத்தும், தடித்த காகிதத்திற் 'காஸ்கெட்' வெட்டியும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றிற் பூட்டியும் காலங்கழித்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தபோது, அந்தப் பழைய பாடம் புதிய தலைமுறைக்கும் புலனாயிற்று.

இங்கே ஒன்றைக் கூறாது விடுதல் சரித்திரத்துக்கு நீதியாகாது. லாண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் நிறைவேறியது. அதனால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் கிடையாத காலத்தில், பாகத்தைச் செய்யவல்ல கைகளும் தலைமன்னாரிற் கப்பலேறின. கொழுந்து பறித்தோரும் பட்டறையில் உழைத்தோரும் அக்கூட்டத்தில் ஒருங்கே சென்றனர். வண்டிக்குப் பதிவு எண் இருந்தது. அதனை ஓடச்செய்த பலருக்கு நாடு இருக்கவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

துரைமார் தம் நினைவுகளை நூல்களாக எழுதிவைத்தனர். கம்பனிகள் தம் கணக்கேடுகளைக் காத்துவைத்தன. பட்டறைத் தொழிலாளி எதையும் எழுதவில்லை. அவனது ஏடு அவன் கைகளே. அக்கைகள் ஓய்ந்தால் அந்த ஏடும் மூடப்படும். இன்றைய வாகனத்தின் பழுதைக் கணினி காட்டுகிறது; சுத்தியலின் ஒலியைக் கேட்டு நோயறியும் செவிகள் அருகி வருகின்றன.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையுடன் ஒரு வேண்டுகோள். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பகுதி ஆசிரியர்களே! உங்கள் மாணவர் தத்தம் பாட்டனாரிடம் சென்று, "எந்த உறுப்பு முறிந்தது? எதனைக்கொண்டு செப்பனிட்டீர்கள்? யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டு எழுதிவரட்டும். ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். அரசாங்கச் சுவடிக்கூடத்தில் இல்லாத சரித்திரம் லயத்து வாசற்படியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்து போவதற்கு முன் நாம் கேட்டுவிடவேண்டும்.