ஜூன் விடுமுறையில் லங்காவி போகலாமா?

பள்ளி விடுமுறை, கடற்கரை என்றதும் பலர் முதலில் தேடுவது லங்காவியைத்தான். ஆனால் ஜூன், ஜூலை அந்தத் தீவுக்கு மழை மாதங்கள்.

காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. மலாக்கா நீரிணையின் தென்பகுதியைச் சுமத்ராவின் மலைகள் ஓரளவு மறைத்துக்கொள்கின்றன. லங்காவிக்கு அந்த வசதி இல்லை. அது வடக்கே, அந்தமான் கடல் பக்கம் இருக்கிறது. ஈரக்காற்றும் அலையும் நேராக வந்து மோதும்.

அதுக்காக நாள் முழுக்க மழை கொட்டும்னு நினைக்க வேண்டாம். ஓரிரு மணி நேரம் அடித்துப் பெய்யும், பிறகு பளிச்சென்று வெயில். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

மழையைவிடக் கடல்தான் கவலை. வானம் தெளிவாக இருக்கும்போதும் அலை பெரிதாக வரலாம். கரையிலிருந்து ஆழத்துக்கு இழுக்கும் நீரோட்டம் ஆபத்தானது. அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அது பெரும்பாலும் ஓடும். நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாதீங்க. கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாங்க. சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கவே வேண்டாம்.

நீந்துவதற்காகவே போகிறீர்களா? கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம் பாருங்கள். தீபகற்பத்தின் நடுவே உள்ள மலைத்தொடர் தென்மேற்குக் காற்றைத் தடுப்பதால், அங்கு இப்போது கடல் பொதுவாக அமைதி. டிசம்பரில் நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழையால் அங்குள்ள பல விடுதிகள் மூடியிருக்கும், லங்காவியில் வெயில் காயும்.