அறைத் தாழ்ப்பாள் யார் கையில்? - அசிஸ்டட் லிவிங் பிறந்த கதை

1/ "அம்மாவை ஹோம்ல சேர்த்துட்டாங்களாம்"னு கேட்டாலே நமக்கு மனசு கனத்துடும். ஆனா எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. இன்னிக்கு விளம்பரங்களில் வரும் "அசிஸ்டட் லிவிங்", அமெரிக்காவில் ஒரு மகள் தன் அம்மாவுக்காக யோசிச்சதில் பிறந்தது. அந்த வரலாறு தெரிஞ்சா நல்ல இடத்தை அடையாளம் காண்பது சுலபம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ நம்ம ஊரில் நர்சிங் ஹோம்னா சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியோர் தங்கிப் பராமரிப்பு பெறும் இடம். அங்கே ஆஸ்பத்திரி படுக்கைகள் நாள்பட்ட நோயுள்ள முதியவர்களால் நிரம்பியபோது, அவர்களை வைக்கத் தனி இடம் கட்ட 1954இல் அரசு நிதி ஒதுக்கியது. அதாவது அந்த ஏற்பாடு ஆஸ்பத்திரியில் இடம் காலியாக வேண்டும் என்பதற்காக. அமைப்பும் அப்படியே: ஒரே அறையில் இருவர், நர்ஸ் போடும் நேரக்கணக்கு, அவர்கள் எழுப்பும்போது எழணும்.

3/ மேற்கு வர்ஜீனியாவில் ஜெஸ்ஸி என்ற பெண்மணிக்கு 55 வயதில் ஸ்ட்ரோக் வந்தது. ஒரு பக்கம் செயலிழந்தது, பேச்சு குழறியது. அறிவு மட்டும் துளியும் மங்கலை. மகள் கெரனுக்கு அப்போ 19 வயசு, கல்லூரி மாணவி, கையில் காசில்லை. நர்சிங் ஹோம் தவிர வழியில்லை. என்னை மாதிரி ஆளுங்களுக்கு நீ ஏதாவது செய்யக் கூடாதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

4/ முதுமையியல் படிக்கப் போன கெரன் பிரவுன் வில்சன், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அம்மா சொன்ன பட்டியல் ரொம்பச் சின்னது. சின்ன சமையலறை, ஒரு பாத்ரூம், தன் பூனை, தன் விக்ஸ் டப்பா, காபி போடும் பாத்திரம், சொந்த நாற்காலி மேஜை. முடியாததைச் செய்துதர ஆள். முக்கியமா, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு.

5/ 1983இல் ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் கெரனும் கணவரும் பார்க் பிளேஸைத் திறந்தார்கள். அசிஸ்டட் லிவிங்கின் தொடக்கம்னு பலரும் சொல்வது இதைத்தான். 112 வீடுகள். ஒவ்வொன்றிலும் சமையலறை, குளியலறை, பூட்டுள்ள வாசல் கதவு. நர்ஸ் உண்டு, 24 மணி நேர உதவி உண்டு. ஆனா ஊழியர் உள்ளே வரணும்னா கதவைத் தட்டணும். அங்கே விருந்தாளி அவர்தான்.

6/ எதிர்ப்பு பலமா வந்தது. கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளே விழுந்துட்டா? அடுப்பை அணைக்க மறந்துட்டா? கத்தி கையில் இருக்கலாமா? எல்லாமே நியாயமான கேள்விகள். அதனால மாநில அரசு இவர்களைக் கண்காணித்தது.

7/ முடிவுகள் 1988இல் வெளியாயின. சுதந்திரம் கொடுத்ததால் உடல்நலம் கெடலை. உடல் இயக்கமும் நினைவாற்றலும் மேம்பட்டிருந்தன, மனச்சோர்வு குறைந்திருந்தது. அரசு உதவியில் இருந்தவர்களுக்கு நர்சிங் ஹோமைவிட 20% செலவும் குறைவு!

8/ இது எப்படி? 1976லேயே எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் ஒரு நர்சிங் ஹோமில் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு செடியும், அதைப் பார்த்துக்கும் பொறுப்பும், சின்னச் சின்ன முடிவெடுக்கும் உரிமையும். இன்னொரு குழுவுக்கும் செடி உண்டு, ஆனா தண்ணி ஊத்துறது நர்ஸ். முதல் குழுதான் சுறுசுறுப்பாவும் சந்தோஷமாவும் ஆச்சு.

9/ 1991இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பில் தாமஸ் என்ற இளம் டாக்டர், சேஸ் மெமோரியல் நர்சிங் ஹோமுக்கு 2 நாய், 4 பூனை, 100 பறவைகளைக் கொண்டுவந்தார். கூண்டுகள் வரும் முன்னே பறவைகள் வந்துடுச்சு! பேசாதிருந்தவர்கள் பேசினார்கள். நடக்காதிருந்தவர்கள், நாயை நான் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்றார்கள். இதே மாதிரி வேறொரு இல்லத்தோடு ஒப்பிட்டால் இங்கே மருந்துச் சீட்டுகள் பாதியாகக் குறைந்தன. டாக்டர்கள் நாங்க பிபி, சுகர் பார்ப்போம். தனிமை எந்த லேப் ரிப்போர்ட்டிலும் வராது.

10/ அப்புறம்? 1990களில் பெரிய கம்பெனிகள் இறங்கின. பேரு பரவியது, பூட்டும் சமையலறையும் பல இடங்களில் காணாமல் போயின. பிள்ளைகள் "பாதுகாப்பா இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க, கட்டுறவங்களும் அதையே காட்டினாங்க.

11/ இப்போ கோவை, சென்னையிலும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கு. பார்க்கப் போனா சிசிடிவி, ஆம்புலன்ஸ் பத்தி கேளுங்க, தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்க:
• உள்ளே தாழ்ப்பாள் இருக்கா? தட்டிட்டு வருவாங்களா?
• காலை 5 மணிக்குக் காபி வேணும்னா கிடைக்குமா, தானே போட்டுக்கலாமா?
• வீட்டு நாற்காலி, பூஜைப் படம் கொண்டு வரலாமா?
• சாப்பாட்டு நேரத்தில் அங்கே பேச்சுச் சத்தம் கேக்குதா?

12/ கதவைச் சாத்திக்கலாம்னு தைரியம் இருக்கிறவர்தான் திறந்து வெளியே வந்து நாலு பேரோட உட்காருவார். கட்டாயப்படுத்தி ஹாலில் உட்கார வெச்சா அது கூட்டம், உறவு ஆகாது. அதனால இடம் பார்க்கப் போகும் முன்னாடி, கெரன் கேட்டதை நீங்களும் கேளுங்க: "உனக்கு என்னம்மா வேணும்?"