புதுக்கோட்டை மாவட்டத்தில் திரைவழிக் கல்வியும் கண் சோர்வும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் அச்சிட்ட பாடநூல்களைக் கொண்டே எழுத்தறிவைப் பரப்பியது. அடுத்த தலைமுறைக்கு எழுத்து திரைக்கு மாறியது. 2011-இல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2020-இல் கொரோனா பொதுமுடக்கத்தால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நடந்தன.

திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சலும் மங்கலும் உண்டாகின்றன. நெடுநேரம் அருகிலேயே பார்ப்பதால் கண் தசைகளும் களைக்கின்றன.

மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. ஆனால், சுவரில் மாட்டிய எழுத்து அட்டை தொலைவுப் பார்வைக் குறையையே காட்டும். திரையால் வரும் சோர்வைக் காட்டாது. அதைப் பிள்ளைகளிடம் கேட்டே அறிய இயலும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவை 20 நொடி பார்ப்பது பரவலான மருத்துவப் பரிந்துரை.