வலி நிவாரண ஆதரவு சிகிச்சை

உயிருக்கு ஆபத்தான நோயின் வலி, மூச்சுத்திணறல் போன்ற துன்பங்களைத் தணித்து, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் மருத்துவமுறை. துயரில் இருக்கும் உறவினருக்கு நோயாளியின் இறப்புக்குப் பின்னும் ஆறுதல் அளிப்பது இதில் அடங்கும். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் இதன் நவீன வடிவத்துக்கு முன்னோடி. வலி உடலோடு நிற்பதில்லை. மனம், உறவு, ஆன்மிகம் ஆகியவற்றையும் தொடுகிறது என்பது அவர் கருத்து.

கடும் வலிக்கு முதன்மை மருந்து மார்ஃபின். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் இந்தியாவில் அரிதான அதன் விநியோகத்தை எளிதாக்க 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், தமிழ்நாட்டில் இந்த ஆதரவு சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.