ஜூலிக்காக அழுதவர்கள்

"அதெல்லாம் சும்மா எழுதினது. அதுக்குப் போய் அழலாமா?" கதை படிக்கும் பழக்கம் உள்ள எல்லோரும் ஒரு முறையாவது கேட்ட வசனம் இது. கதைக்குள் தொலைந்துபோவது வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. ஆனால் சுமார் 260 வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒரே ஒரு நாவலைப் படித்துவிட்டு படை அதிகாரிகள், பாதிரியார்கள், வியாபாரிகள், பிரபு வீட்டுப் பெண்கள் என்று எல்லாத் தரப்பினரும் அழுதார்கள். அழுததோடு நிற்காமல், எழுதியவருக்குக் கடிதமும் போட்டார்கள். அந்த அழுகையால் ஏதாவது பயன் இருந்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

அந்த நாவலின் பெயர் 'ஜூலி, அல்லது புதிய எலொயீஸ்'. வெளிவந்த வருடம் 1761. எழுதியவர் ழான் ழாக் ரூசோ. ஆமாம், 'சமுதாய ஒப்பந்தம்' எழுதிய அதே ரூசோதான். பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டவர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். அவர் ஒரு காதல் நாவலும் எழுதினார், உயிரோடு இருந்தபோது அவருக்கு மிகப் பெரிய புகழைத் தேடித் தந்தவற்றில் அதுவும் ஒன்று என்பது பாடப்புத்தகத்தில் வராத செய்தி!

கதை சுருக்கமாக இதுதான். ஜெனீவா ஏரிக்கரையில் வெவே என்ற சிற்றூர். அங்கே ஒரு பிரபுவின் மகள் ஜூலி. அவளுக்குப் பாடம் சொல்லித்தர வரும் செயின்ட் ப்ரூ பிரபு குலத்தைச் சேராதவன். இருவரும் காதலிக்கிறார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. தன் உயிரைக் காப்பாற்றிய நண்பர் வோல்மாருக்கு மகளைத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். ஜூலி அவரை மணக்கிறாள், நல்ல மனைவியாக, நல்ல தாயாக வாழ்கிறாள். பல வருடங்கள் கழித்து, பழைய காதல் தெரிந்தும், வோல்மாரே செயின்ட் ப்ரூவைத் தன் வீட்டுக்கு வரவழைக்கிறார். கடைசியில் ஏரியில் விழுந்த தன் மகனைக் காப்பாற்றத் தண்ணீரில் குதித்த ஜூலி, அதனால் நோயுற்று இறக்கிறாள். சாகும் முன் எழுதிய கடிதத்தில், பழைய காதல் தன் மனதைவிட்டுப் போகவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறாள். முழு நாவலும் கடிதங்களாகவே எழுதப்பட்டது.

இந்தக் கதைக்குள் முதலில் தொலைந்துபோனவர் ரூசோதான். 1756-ல் பாரிஸை விட்டு வெளியேறி, மொன்மொரன்ஸி காட்டை ஒட்டிய ஒரு சிறு வீட்டில் குடியேறியபோது அவருக்கு வயது 44-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மனதுக்குப் பிடித்த மனிதர்கள் நிஜ உலகில் கிடைக்காததால், கற்பனையில் சிலரை உருவாக்கிக்கொண்டு அவர்களோடு வாழ ஆரம்பித்ததாக அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார். ஜூலியின் கடிதங்களை ஓரத்தில் தங்கப்பூச்சுள்ள காகிதத்தில் அழகாகப் பிரதி எடுத்தார். மை உலர நீலமும் வெள்ளியுமான பொடி தூவினார். தாள்களை நீல ரிப்பனால் தைத்தார். காதலிக்குக் கொடுக்கும் பரிசுக்குக்கூட யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்! 1757-ல் சோஃபி தூதெத்தோ என்ற சீமாட்டியைச் சந்தித்தபோது அவரிடம் ஜூலியைக் கண்டு காதலிலும் விழுந்தார். முதலில் பாத்திரம் பிறந்தது, பெண் பிறகுதான் வந்தாள்.

புத்தகம் வெளிவந்ததும் பிரதிகள் போதவில்லை. கடைக்காரர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். 1800-க்குள் குறைந்தது 70 பதிப்புகள் வந்துவிட்டன. ரூசோ ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு சீமாட்டி இரவு விருந்து முடிந்து ஓபரா நடனத்துக்குப் போக அலங்காரம் செய்துகொண்டு, நேரம் போவதற்காக இந்த நாவலைக் கையில் எடுத்தார். நள்ளிரவில் வண்டியைப் பூட்டச் சொன்னார். பூட்டியாகிவிட்டது என்று வந்து சொன்னார்கள், பதில் இல்லை. இரண்டு மணிக்கு மீண்டும் நினைவூட்டினார்கள், அவசரமில்லை என்றார். பிறகு மணி கேட்டபோது விடியற்காலை நான்கு. இனிமேல் போய் என்ன பயன், குதிரைகளை அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மிச்ச இரவையும் படித்தே கழித்தார்.

வாசகர்களின் கடிதங்கள் இன்னும் வியப்பூட்டுபவை. ஜூலி நிஜமாகவே வாழ்ந்தாளா என்று பலர் கேட்டார்கள். புத்தகத்தின் முகப்பில் ரூசோ தன்னை ஆசிரியர் என்று போட்டுக்கொள்ளாமல், கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர் என்றே போட்டிருந்தார். கடிதங்கள் உண்மையா கற்பனையா என்று முன்னுரையிலும் பிடிகொடுக்கவில்லை. ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர், ஜூலியின் மேல் தனக்குப் பித்தே பிடித்துவிட்டதாகவும், அவள் மரணத்தைப் படித்து அழுததாகவும் எழுதினார். ஏரிக்கரை ஊர்களுக்கு வாசகர்கள் யாத்திரை போகத் தொடங்கினார்கள். 1816-ல் ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும் இந்த நாவலைப் படித்துக்கொண்டே ஏரியைப் படகில் சுற்றினார்கள். ஜூலியும் செயின்ட் ப்ரூவும் புயலில் சிக்கிய மெய்யெரி அருகே இவர்கள் படகும் புயலில் சிக்கியது. ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது. நல்லவேளை, தப்பித்தார்கள்.

சரி, இதெல்லாம் சுவாரஸ்யமான செய்திகள். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கதைக்காக அழுவதை மிகக் கடுமையாகச் சாடியவரும் இதே ரூசோதான்!

ஜெனீவாவில் நாடக அரங்கு வேண்டும் என்ற தொனியில் தாலம்பேர் என்ற அறிஞர் எழுதியிருந்தார். அதை எதிர்த்து 1758-ல் ரூசோ ஒரு நீண்ட கடிதத்தைப் புத்தகமாகவே வெளியிட்டார். 'ஜூலி'யை எழுதிக்கொண்டிருந்த அதே காலம்தான். அதில் அவர் வைத்த வாதம் இன்றும் சுடும். மேடையில் நடக்கும் பொய்யான துயரத்துக்கு நாம் அழுகிறோம். அந்தக் கண்ணீருக்குச் செலவு எதுவும் இல்லை. நிஜத்தில் துன்பப்படுகிறவனுக்கு உதவினால் பணமும் நேரமும் நிம்மதியும் போகும். கதைக்கு அழுதால் ஒன்றும் போகாது, ஆனால் மனிதாபிமானக் கடனை அடைத்துவிட்ட திருப்தி மட்டும் கிடைத்துவிடும். அதாவது, கையிலிருந்து ஒரு காசு போகாமல் கணக்கில் மட்டும் வரவு வைத்துக்கொள்வது போல.

இந்த வாதத்துக்கு மிகப் பொருத்தமான உதாரணம் ரூசோவின் சொந்த வாழ்க்கை. மகனுக்காக உயிரைக் கொடுத்த ஜூலியைப் படைத்தவர், தன் துணைவி தெரேஸ் லெவாஸ்ஸருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டார். இது எதிரிகள் கட்டிய கதை அல்ல, அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே விடப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. கற்பனையில் ஒரு தாய்க்காக உருகிய மனம், நிஜத்தில் ஐந்து குழந்தைகளுக்காக உருகவில்லை.

அப்படியானால் கதை படித்து அழுவது வெறும் ஏமாற்றுதானா? இங்கேதான் ஒரு வியாபாரியின் கதை உதவிக்கு வருகிறது.

பிரான்சின் மேற்குக் கரையில் லா ரொஷேல் என்ற துறைமுக நகரம். அங்கே ழான் ரான்சோன் என்ற வணிகர். சுவிட்சர்லாந்தின் நெவ்ஷாட்டெல் நகரப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகங்கள் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் பிழைத்திருக்கின்றன. வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984-ல் வெளியான தன் புத்தகத்தில் அவற்றை ஆராய்ந்தார். புத்தகத்தின் தரம், விலை, அனுப்பும் விவரம் என்று போகும் கடிதங்களுக்கு நடுவே, ரான்சோன் ரூசோவை 'நண்பர்' என்றே குறிப்பிட்டு நலம் விசாரிக்கிறார். 1777-ல் அவருக்குத் திருமணம். கணவன், மனைவி, தாய், தந்தை ஆகியோரின் கடமைகள் பற்றி நண்பர் ழான் ழாக் எழுதியதெல்லாம் தன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது, இந்த நிலைகளில் எதை அடைந்தாலும் அதுவே தனக்கு விதியாக இருக்கும் என்று எழுதுகிறார். அடுத்த வருடம் ரூசோ இறந்தபோது சொந்த மனிதரை இழந்தவர் போலத் துக்கப்படுகிறார். பிறகு வந்த கடிதங்களில் வியாபாரச் செய்திகளோடு குழந்தைகள் பற்றிய செய்திகளும் வருகின்றன.

ரான்சோன் பெரிய மனிதர் இல்லை. புரட்சி எதுவும் செய்யவில்லை. படித்ததை வீட்டில் வாழ்ந்து பார்க்க விரும்பினார், அவ்வளவுதான். ஆனால் எழுதியவரே செய்யாததைப் படித்தவர் செய்ய முனைந்தார் என்பது சாதாரண விஷயமா?

இதையே பெரிய அளவில் யோசித்தவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஹன்ட். மனித உரிமை என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்று 2007-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1740-ல் வந்த ரிச்சர்ட்சனின் 'பமேலா' ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை. அடுத்து அவருடைய 'கிளாரிஸா', பிறகு 'ஜூலி'. மூன்றும் கடித நாவல்கள். பிறர் கடிதத்தைப் படிக்கும்போது அவர் மனதுக்குள்ளேயே போய்விடுகிறோம். ஒரு வேலைக்காரியின் மனமும் தன் மனம் போன்றதுதான் என்று பிரபுக்களும் உணர்ந்தார்கள். இந்தப் பழக்கம் ஊறிய பிறகுதான் 1776 அமெரிக்கப் பிரகடனமும் 1789 பிரெஞ்சுப் பிரகடனமும் வந்தன என்பது அவர் வாதம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கணக்கு முழுவதும் நேராகவில்லை. 'எமில்' என்ற புத்தகத்தில் ரூசோ தாய்மார்களைத் தாங்களே பாலூட்டச் சொன்னது 1762-ல். 18 வருடங்கள் கழித்து, 1780-ல் பாரிஸ் போலீஸ் தலைவர் லெனுவார் ஒரு கணக்குச் சொன்னார். வருடத்துக்கு அங்கே பிறந்த சுமார் 21,000 குழந்தைகளில் தாயிடமே பால் குடித்தவை சுமார் 1,000 மட்டுமே. மற்றவை கூலிக்குப் பாலூட்டும் பெண்களிடம் போயின. இன்னொன்று, ரான்சோன் வாழ்ந்த லா ரொஷேல் பிரான்சின் முக்கியமான அடிமை வியாபாரத் துறைமுகங்களில் ஒன்று. ஜூலிக்காகக் கண்ணீர் விட்ட அதே காலத்தில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கும் கப்பல்களும் அந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருந்தன. பிரான்ஸ் 1794-ல் அடிமை முறையை ஒழித்ததற்கு முக்கியக் காரணம், 1791-ல் செயின்ட் டொமிங்கு தீவில் அடிமைகளே கிளர்ந்து எழுந்ததுதான். நாவல் வாசகர்களின் கண்ணீர் அல்ல. 1802-ல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவந்தபோதும் எந்த நாவலும் தடுக்கவில்லை. கடைசியாக ஒழிந்தது 1848-ல்.

ஆகவே ரூசோவின் குற்றச்சாட்டு பாதி உண்மை. கதைக்காக விடும் கண்ணீர் தானாக எதையும் மாற்றுவதில்லை. அது யாருக்காக வருகிறது, யாருக்காக வராமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய வாசகர்கள் ஜூலியின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தார்கள். கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களின் கடிதங்கள் அவர்களுக்கு வந்து சேரவில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் வெறும் ஏமாற்று என்பது பொய். இன்னொருவர் மனதுக்குள் போய்ப் பார்க்கும் வழக்கத்தைக் கதை கற்றுத்தருகிறது. கற்றதைப் பயன்படுத்துவது படிப்பவர் வேலை. அதைக் கதாசிரியர்கூட நமக்காகச் செய்ய முடியாது, ரூசோ தனக்காகவே செய்துகொள்ளவில்லை.

ரூசோ தன் சுயசரிதையில், வெவேக்குப் போய் அந்த ஊரையும் ஏரியையும் பாருங்கள், ஆனால் ஜூலியை அங்கே தேடாதீர்கள் என்கிறார். யாத்திரை போனவர்கள் பலர் அதைக் கேட்கவில்லை. வரலாற்றில் பெரிதாக இடம்பெறாத அந்த லா ரொஷேல் வியாபாரியோ, ஜூலியின் வீட்டில் பார்த்ததைத் தன் வீட்டிலேயே கொண்டுவரப் பார்த்தார். கதை படித்து அழுகிறவர்களைக் கேலி செய்பவர்களிடம் யாராவது பதில் சொல்ல நினைத்தால், அவருடைய பெயரைச் சொல்லலாம்.