நாய் பேசக் கற்ற கதை

பனமலைக்கு நான் போனது நாயைப் பற்றி எழுதுவதற்காக அல்ல. செஞ்சிச் சீமையிலே, ஒரு சிறு குன்றின்மேல், இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே சுவரில் ஓர் அம்பிகை. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்து நிற்கும் ஒயில். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஒயில் மட்டும் உதிரவில்லை. அதைத் தரிசித்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சிநேகிதரான ஓர் உபாத்தியாயர் தம் வீட்டுத் திண்ணையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்.

தூக்கம் வந்தால்தானே? ஏரிப் பக்கம் நரி ஒன்று ஊளையிட்டது. ஊர் நாய்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து குரைத்தன. அது அடங்கிச் சற்று நேரம் கழித்து, எதிர் வீட்டு நாய் மட்டும் இரண்டு தரம் 'வள், வள்' என்றது. நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"படுங்க சார். மடை பார்க்கப் போற ஆளு. நம்ம ஊர்க்காரர்தான்" என்றார் உபாத்தியாயர், கண்ணைத் திறக்காமலே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் சொல்லிச்சே!"

நாய் சொல்லிற்றாம், இவர் கேட்டாராம்! இந்தச் சம்பாஷணை எந்தக் காலத்தில் தொடங்கியது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இங்கிருந்து மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். நடுகற்களுக்குப் பேர்போன பூமி. அங்கே எடுத்தனூரில் உள்ள ஒரு கல், மகேந்திர பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைக் குடைவித்தானே, அந்த மகேந்திரன்தான். எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்ததாம். அரசர்களின் பெயர்களே மறந்துபோகிற நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது!

ஆனால் கோவிவனுக்கும் முன்னே நெடுங்காலம் போக வேண்டும். ஓநாயின் வழிவந்த நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. வளர்ந்த ஓநாய் ஊளையிடும், உறுமும், குரைப்பது அபூர்வம். ஆபத்து என்று தன் கூட்டத்தை எச்சரிக்கச் சுருக்கமாக ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். நாயோ கோபத்திலும் குரைக்கிறது, விளையாட்டிலும் குரைக்கிறது, சோறு கேட்டும் குரைக்கிறது. மனிதனிடம் வந்த பிறகு நாய் நாலைந்து விதமாகக் குரைக்கக் கற்றுக்கொண்டது என்று டார்வின் 1871-லேயே எழுதிவிட்டார்.

யார் கற்றுக் கொடுத்தது? ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி 1959-இல் நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனிதனைக் கண்டு அஞ்சாத, சீறாத குட்டிகளை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார். வேறெதையும் அவர் தேடவில்லை. ஆனால் வாலாட்டும் நரிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காது தொங்கிற்று. ஆளைக் கண்டால் எழுப்பும் குரலும் மாறிவிட்டது! சாதுவான நரி ஒருவிதமாகக் கொக்கரித்து வரவேற்கிறது. சீறும் நரி இருமுகிறது, செருமுகிறது. குரலை யாரும் பழக்கவில்லை. பயம் போயிற்று, பின்னோடு பேச்சு வந்தது.

சரி, அந்தப் பேச்சு நமக்குப் புரிகிறதா? புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மூடி என்னும் ஹங்கேரிய மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்நியனைக் கண்ட குரைப்பு எது, பந்துக்காகக் குரைத்தது எது, தனியே கட்டிப்போட்டபோது குரைத்தது எது என்று கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். நாயே வளர்க்காதவர்களும் ஏறக்குறைய அதே அளவு சொன்னார்கள். தாழ்ந்த குரலில் அடுத்தடுத்து வந்தால் கோபம். உயர்ந்த குரலில் விட்டு விட்டு வந்தால் ஏக்கம். உபாத்தியாயர் தூக்கத்திலேயே தேறிய பரீட்சை!

இந்தப் பரீட்சையில் தோற்ற ஓர் ஆசாமியை எனக்குத் தெரியும். சென்னையில் அவர் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. காலையில் தொடர்கதை எழுத உட்காருமுன் அதைக் கொல்லைப்புறத்தில் கட்டிவிடுவார். அது குரைக்கும். கூர்மையான குரல், ஒன்று, பிறகு மௌனம், பிறகு இன்னொன்று. கதாநாயகியின் தனிமையைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டிருந்த அந்த எழுத்தாளர், "சனியன், சும்மா இரு!" என்று அதட்டுவார். ஒருநாள் பொறுக்காமல், திருவள்ளூர்ப் பக்கம் ஒருவருடைய தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள், அந்த ஆசாமி நான்தான்.

பனமலையில் விடியும் நேரத்துக்கு எதிர் வீட்டு நாய் மறுபடியும் குரைத்தது. உபாத்தியாயர் உள்ளே இருந்தார்.

"என்ன சார் சொல்லுது?" என்றார், காப்பித் தம்ளரோடு வெளியே வந்தபடி.

நான் காது கொடுத்துக் கேட்டேன். "யாரோ தெரிந்தவர் வருகிறார் போலிருக்கிறது" என்றேன்.

பால்காரர் வந்தார்.